மூணு சுழி ‘ண’வை ஒடுக்குவது எப்படி

மதுரை மாசி வீதிகளில் கடைகள் தோளோடு தோள் ஒட்டி நிற்கும். சில கடைகளுக்கு முகப்பே மூன்றடிதான். ஆனால் பெயர் மட்டும் எதிர்ப் பிளாட்பாரத்திலிருந்து பளிச்சென்று தெரிய வேண்டும். அதற்குத் தடித்த, ஒடுக்கமான எழுத்தை விட்டால் வேறு வழியில்லை. நான் பிரஷ் பிடித்துச் சுவரெழுத்து எழுதிய காலத்திலும் சரி, கோரல் டிரா மென்பொருளில் உட்கார்ந்திருக்கும் இப்போதும் சரி, பாதி வேலை இதுதான்.

செய்யக் கூடாததை முதலில் சொல்லிவிடுகிறேன். சாதாரண போல்டு எழுத்தை இரண்டு பக்கமும் பிடித்து அமுக்காதீர்கள். 60 சதவீதத்துக்கு அமுக்கினால் நின்ற கோடும் 60 சதவீதமாக மெலிந்துவிடும். படுத்த கோடு பழைய தடிமனிலேயே இருக்கும். நோஞ்சான் தலையில் மூட்டை ஏற்றின மாதிரி இருக்கும் பார்க்க.

பெரும்பாலான கணினிகளில் கிடக்கும் இம்பேக்ட் என்ற ஆங்கில எழுத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். 1965இல் ஜெஃப்ரி லீ வரைந்தது. அமுக்கியதல்ல, ஒடுக்கமாகவே வரைந்தது: நின்ற கோடு தடி, நடுவில் கீற்று போல வெளிச்சம். பேபஸ் நியூ என்ற இன்னொரு ஆங்கில எழுத்தில் பெரிய எழுத்து (கேப்பிடல்) மட்டும்தான் உண்டு. மேலும் கீழும் எதுவும் நீட்டாததால் வரிகளைச் செங்கல் போல அடுக்கலாம். அதைப் பார்த்துத் தமிழை அடுக்கப் போனால் மேல்வரி ‘மூ’வின் வாலும் கீழ்வரி ‘கீ’யின் சுழியும் முட்டிக்கொள்ளும். நமக்குப் புள்ளிக்கும், ‘கி’, ‘கீ’யின் தலையில் வளையும் விலங்குக்கும் மேலே இடம் வேண்டும், உகரத்துக்குக் கீழே வேண்டும்.

ரெடிமேடாக வேண்டுமென்றால் அனேக் தமிழ் என்ற எழுத்துரு நல்லது, இலவசம். அகலத்தையும் தடிமனையும் தனித்தனியாக நகர்த்தலாம். அகலம் சாதாரண அளவில் 75 சதவீதம் வரை ஒடுங்கும். நோட்டோ சான்ஸ் தமிழ் 62.5 வரை போகும். (நம்ம ஊர்ப் பெயர் வைத்த ஹிந்த் மதுரையில் ஒடுக்கமே கிடையாது. எனக்கு இதில் ஒரு வருத்தம் உண்டு.) அதற்கும் மேல் ஒடுக்க வேண்டுமென்றால் கையால் வரைய வேண்டியதுதான்.

‘ஜிகர்தண்டா’ என்று எழுத வேண்டும், போர்டு மூன்றடி அகலம், இரண்டடி உயரம் என்று வைத்துக்கொள்வோம். இரு ஓரமும் இரண்டிரண்டு அங்குலம் போனால் மிச்சம் 32 அங்குலம். எழுத்து ஆறு. எல்லாவற்றுக்கும் சமமாகப் பங்கு போட்டால் ‘ர்’ காற்று வாங்கும், ‘ண்’ மூச்சு முட்டும். நான் பிரிப்பது இப்படி: ஜி 7, க 5, ர் 3, த 5, ண் 7, டா 5. எழுத்துக்கு இடையிலான வெளியும் இதற்குள்தான். உடல் உயரம் 14 அங்குலம். மேலே ஆறு, கீழே நான்கு.

இப்போது ‘ண’. மூணு சுழி. குறுக்கே ஒரு நூல் பிடித்துப் பார்த்தால் ஐந்து இடத்தில் கோடு வெட்டும். கோடு ஒரு அங்குலம் என்றால் ஐந்து அங்குலம் கோட்டுக்கே போய்விடும். ஏழில் அரை அங்குலம் அடுத்த எழுத்துக்கு இடைவெளி, மிச்சம் ஒன்றரை. அதை நான்கு சந்துக்குப் பங்கு போட்டால் சுழி அடைத்து, ண எது, ன எது என்றே தெரியாது. ஆகவே ‘ண’வில் மட்டும் கோட்டை முக்கால் அங்குலமாக்குங்கள். நான்கு சந்துக்கும் சேர்த்து இரண்டே முக்கால் அங்குலம் கிடைக்கும். பக்கத்தில் ஒரு அங்குலக் கோட்டில் ‘த’ இருந்தாலும் கண்ணுக்கு வித்தியாசம் படாது. ‘ண’ கோடு நெருங்கி நிற்பதால் அதுவே கறுப்பாகத் தெரியும். எனக்குத் தொழில் சொல்லித்தந்த அண்ணன், “அளக்காதடா, கண்ணைச் சுருக்கிப் பாரு”ன்னு சொல்வார். சுருக்கிப் பார்க்கும்போது ஒரு எழுத்து மட்டும் திட்டாகத் தெரிந்தால் அதை மெலிதாக்குங்கள்.

அப்புறம் ‘ர’. ஒடுக்கும்போது அதன் கீழ்க்கால் கரைந்து துணைக்காலாகிவிடும். கால் சாய்வை விடாமல், கோட்டுத் தடிமனுக்காவது வெளியே நீட்டுங்கள்.

புள்ளியைக் கோட்டின் தடிமனுக்கு வையுங்கள், உடலிலிருந்து பாதித் தடிமன் தள்ளி. ஸ்டிக்கர் வெட்டுவதாக இருந்தால் இன்னும் கொஞ்சம் பெரிதாக. ஒரு கடைக்கு நான் வைத்த பொடிப் புள்ளிகள் பத்து நாள் வெயிலில் உதிர்ந்து, ‘ஜிகரதணடா’ என்று நின்றது போர்டு. ஓனர் பாதிப் பணம்தான் தந்தார். கேட்க எனக்கும் வாய் இல்லை.

உள்ளே விளக்கு வைக்கும் போர்டு என்றால் கோட்டை இன்னும் மெலிதாக்குங்கள். வெளிச்சம் வழிந்து சுழியை மூடும். விலைப்பட்டியல், முகவரிக்கெல்லாம் இந்த எழுத்து வேண்டாம். அங்கே சாதாரண எழுத்துப் போதும். போன் நம்பருக்குப் போடலாம், எண்கள் ஒடுங்கினாலும் கெடாது.

தூரக் கணக்கு: ஓர் அங்குல உயரத்துக்குப் பத்தடி என்பார்கள். ஒடுக்கின தமிழுக்கு நான் ஏழடிதான் வைப்பேன். பிரிண்டுக்கு அனுப்பும் முன் எழுத்தையெல்லாம் கர்வ் (வெறும் வடிவக் கோடு) ஆக்கிவிடுங்கள், இல்லையென்றால் பிரஸ்காரர் கணினியில் கட்டம் கட்டமாக வரும். இரண்டு ஏ4 தாளில் ‘ண்’ணை மட்டும் முழு அளவில் எடுத்து, மேலும் கீழுமாக இணைத்து, கடை ஷட்டரில் ஒட்டி, ரோட்டைக் கடந்து போய் நின்று பாருங்கள். சாயங்காலம் பஸ்ஸும் ஆட்டோவும் குறுக்கே போகும் நேரமாகப் பார்த்து.