சிவந்து தெரிவதெல்லாம் இளம் விண்மீன் அல்ல

மூலக்கூறு மேகங்களுக்குள், அதாவது வாயுவும் தூசும் திரண்ட குளிர்ந்த மேகங்களுக்குள், பிறக்கும் விண்மீன் கொத்துகளை அகச்சிவப்பில் ஆராய வரும் புதியவர்கள், எங்கள் தலைமுறை இடறிய இடத்திலேயே இடறுகிறார்கள். ஃபோகஸ் தவறுவது போன்றவை முதல் இரவிலேயே தெரிந்துவிடும், அவற்றை விட்டுவிடுகிறேன்.

ஒப்பீட்டுப் புலம் எடுக்காமல் விடுவது

இன்றும் எரிச்சல் மூட்டுவது இதுதான். ஒப்பீட்டுப் புலம் என்பது, ஒப்பிட்டுப் பார்க்க மேகத்துக்கு வெளியே எடுக்கும் வானப் பகுதியின் படம். 2.2 மைக்ரானில், அதாவது கே பட்டையில், தூசு மறைப்பது காட்சி ஒளியில் மறைப்பதில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கே. மேகத்துக்குள் இருக்கும் கொத்து அதனால்தான் தெரிகிறது. மேகத்துக்கு அப்பால் உள்ளவையும் அதனால்தான் தெரிகின்றன! தூசைக் கடந்து வரும் ஒரு கிழட்டுச் செம்பெருமீன், குழந்தை விண்மீனைப் போலவே சிவந்து நிற்கும்.

அண்மையில் ஒரு மாணவர் பட்டியலோடு வந்தார். எச்–கே நிற வேறுபாடு (எச், கே என்ற இரு அகச்சிவப்புப் பட்டைகளின் பிரகாச வேறுபாடு; பெரிதானால் அதிகச் சிவப்பு) பெரிதாக இருந்த எல்லாமே அதில் ‘இளம் உறுப்பினர்கள்’. மேகத்துக்கு வெளியே எடுத்த படம் எங்கே என்று கேட்டேன். "கொத்துக்கே நேரம் போதவில்லை" என்றார். ஜே என்ற இன்னும் குறுகிய அலைநீளப் பட்டையையும் சேர்த்து, எச்–கே கிடையாகவும் ஜே–எச் செங்குத்தாகவும் வரைந்தபோது, பெரும்பாலான புள்ளிகள் சிவத்தல் பட்டைக்குள்ளேயே, அதாவது தூசு மட்டும் சிவக்க வைத்த விண்மீன்கள் விழும் பகுதிக்குள்ளேயே, கிடந்தன. அந்த நிறத்துக்குத் தூசு மட்டுமே போதும். விண்மீனைச் சுற்றிச் சூடான வட்டு இருந்தால்தான் புள்ளி பட்டையின் வலப்புறம் விலகும்.

ஓரையன் நெபுலாவின் நடுவிலுள்ள ட்ரபீசியம் என்ற இளம் கொத்தில் பழகியவர்களுக்கு இந்த அலட்சியம் எளிதில் வந்துவிடுகிறது. அங்கே கொத்துக்குப் பின்னால் கனத்த மேகம் திரை போட்டிருப்பதால் பின்னணித் தொல்லை குறைவு. எல்லா மேகமும் அப்படி இல்லை. பால்வீதித் தளத்தை ஒட்டிய மேகங்களில் பின்னணிக் கூட்டம் தாங்காது.

ஒப்பீட்டுப் புலம் அதே பால்வீதி அகலாங்கில் (பால்வீதித் தளத்திலிருந்து அதே கோணத் தொலைவில்), தூசு குறைந்த இடத்தில், அதே ஆழத்துக்கு எடுக்கப்பட வேண்டும். அதில் எண்ணிய விண்மீன்களையும் கொத்தின் எண்ணிக்கையிலிருந்து அப்படியே கழித்துவிடக் கூடாது. மேகத்தின் மறைப்பு அளவுக்கு அந்த விண்மீன்களைக் கணக்கில் மங்கலாக்கி, சிவக்க வைத்த பிறகே கழிக்க வேண்டும். இல்லையென்றால் மங்கலான முனையில் அதிகமாகக் கழிந்துபோகும். விண்மீனாகும் அளவு நிறை இல்லாத பழுப்புக் குறுமீன்களின் எண்ணிக்கை அங்கேதான் நாசமாகிறது.

வட்டு இல்லாததை நீக்குவது

ஏறத்தாழ 30 லட்சம் ஆண்டுகளிலேயே பாதி விண்மீன்கள் உள்வட்டை இழந்துவிடுகின்றன. அவையும் கொத்தின் உறுப்பினர்களே. அவற்றைப் பிடிக்க சந்திரா விண்தொலைநோக்கியின் எக்ஸ் கதிர்த் தரவைப் பாருங்கள்; இளம் விண்மீன்கள் வட்டு இல்லாமலும் எக்ஸ் கதிரில் பிரகாசிக்கும்.

நெபுலாவின் மேலேயே வானப் படம் எடுப்பது

வானத்தின் பொது ஒளிர்வை நீக்கக் கழிக்கும் படம் இது. நெபுலாவின் மேலேயே எடுத்தால், கழிக்கும்போது நெபுலாவும் போய்விடும். தள்ளிப்போய் எடுங்கள்.

ஸ்பிட்சரின் மங்கலான சிவப்புப் புள்ளிகள்

ஸ்பிட்சர் அகச்சிவப்பு விண்தொலைநோக்கியின் படங்களில் இளம் விண்மீன் போலத் தெரியும் இவற்றில் பல, தொலைதூர கேலக்ஸிகள்.