அலையாத்திக் கன்றுக்கு முன் வாய்க்கால்

சாலை போடுகையில் அலையாத்திக் காடு அழிந்தால், அழிந்த பரப்பைப் போல மூன்று மடங்காவது வேறிடத்தில் வளர்க்க வேண்டும் என்கிறது 2019-ஆம் ஆண்டின் கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை. ஒப்பந்தம் எடுத்தவர்கள் "எத்தனை ஆயிரம் கன்று வேண்டும்?" என்று கேட்டுக்கொண்டு என்னிடம் வருவார்கள். கன்றுக் கணக்கு அப்புறம். கடல் ஏறி இறங்குகையில் ஓதத்தண்ணீர் எந்த வழியில் ஏறி எந்த வழியில் வடிகிறது என்று முதலில் பாருங்கள்.

காலியாகத் தெரிகிறதே என்று சேற்றுத்திட்டில் நடாதீர்கள். உள்ளான் பறவை மேய்கிற, நண்டு வளை போட்டிருக்கிற இடம் அது. ஒரு வாழிடத்துக்கு ஈடாக இன்னொன்றைக் கெடுப்பது என்ன கணக்கு? அலையாத்தி இருந்து செத்துப்போன இடம்தான் வேண்டும். பழைய அடிக்கட்டைகள், உப்பு மண்ணில் முளைக்கும் உமரியைத் தவிர வேறு செடியில்லாமை, கோடையில் பூக்கும் வெள்ளை உப்பு, இவை போதும் அடையாளத்துக்கு.

பிச்சாவரத்திலும் முத்துப்பேட்டையிலும் வெள்ளைக்காரர் காலம் தொட்டே கூப்பு போட்டு, அதாவது காட்டைப் பகுதி பகுதியாகப் பிரித்து, மொட்டையாக வெட்டினார்கள். வெயில் பட்ட சேறு காய்ந்து தாழ்ந்து, நடுவில் தாம்பாளம் போலக் குழிந்தது. ஏறிய தண்ணீர் வடிய வழியின்றித் தேங்கி வற்ற, உப்பு மட்டும் மண்ணில் ஏறிக்கொண்டே போனது. அதில் எத்தனை கன்று நட்டாலும் சாகத்தான் செய்யும்.

இதற்கு மருந்து மீன்முள் வாய்க்கால். எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் சேர்ந்து 1990-களில் பிச்சாவரத்தில் செய்துகாட்டிய முறை. இயற்கை ஓடையிலிருந்து சாய்வாக ஒரு பெரிய வாய்க்கால், அதன் இருபுறமும் சாய்வாகக் கிளைகள். பெரியதற்கு மேலே 3 மீட்டர், அடியில் 1 மீட்டர் அகலம், 1 மீட்டர் ஆழம் வையுங்கள். கரையைச் செங்குத்தாக வெட்டினால் சரிந்துவிடும். அடிமட்டம் ஓடையை நோக்கி இறங்க வேண்டும்; ஓதம் இறங்கும் வற்றத்தில் தண்ணீர் தேங்கி நின்றால் வேலை தப்பு. வெட்டிய மண்ணை வரப்பு போலத் தொடர்ச்சியாகக் கொட்டாமல் இடைவெளி விடுங்கள், இல்லாவிட்டால் ஓதம் பரவாது.

கோடையில் வெட்டுங்கள். ஐப்பசி மழை உப்பைக் கழுவிய பின் நடவு. சாய்ந்த கரையில், ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் நடுமட்டத்தில் வெண்கண்டல் என்கிற அலையாத்தி வகையை நடுங்கள். அதுதான் உப்பை அதிகம் தாங்கும். சுரபுன்னை என்கிற இன்னொரு அலையாத்தி வகை வேண்டுமென்றால் ஓடையோரத்தில் மட்டும். ஆடுமாடு உள்ளே வராமல் காவல் வேண்டும். வெண்கண்டல் இலை என்றால் மாட்டுக்கு உயிர்.

வாய்க்கால் தூர்ந்தால் எல்லாம் பழையபடி ஆகிவிடும். அதனால் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுமுன், தூர் வாருகிற செலவையும் சேர்த்து எழுதச் சொல்லுங்கள். பெரும்பாலும் கன்று விலையோடு நிறுத்திவிடுகிறார்கள்.