மேய்ச்சல் கோழி: ரகம் தேர்வதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

விலை மலிவு என்று பிராய்லர் குஞ்சை வாங்கி மேயவிடுவதுதான் எல்லாவற்றிலும் கொடுமையான தவறு. ஆறு வாரத்தில் 2 கிலோ தாண்டும்படி உருவாக்கிய பறவை அது. மூன்று மாதம் வைத்திருந்தால் நெஞ்சுக்கறியின் பாரத்தைக் கால் தாங்காது. தீவனத் தட்டை விட்டு நகராமல் ஈர எச்சத்தின் மேலேயே உட்கார்ந்து, கால்மூட்டும் நெஞ்சுத்தோலும் புண்ணாகும். வெயில் ஏறினால் மூச்சிரைத்துச் சாகும். ஐரோப்பிய ஒன்றியத்தின் இயற்கைப் பண்ணை விதி, மெதுவாக வளரும் ரகமாக இல்லாவிட்டால் 81 நாளுக்கு முன் அறுக்கக் கூடாது என்று சொல்வது இதனால்தான். அவசர வளர்ச்சியால் வரும் லாபத்தை அந்த விதி இல்லாமல் செய்துவிடுகிறது.

முட்டைக்கென்று, வருடத்துக்கு 300-க்கு மேல் இடும் கலப்பின லேயர் கோழியை மேயவிடுவதிலும் சிக்கல் உண்டு. அதன் உடம்புக்கு மெத்தியோனின் என்ற அமினோ அமிலம் (புரதத்தின் ஒரு கூறு) நிறைய வேண்டும். அதே ஐரோப்பிய விதிப்படி செயற்கை மெத்தியோனின் சேர்க்க முடியாது. பற்றாக்குறை வந்தால் ஒன்றன் இறகை ஒன்று பிடுங்கித் தின்னத் தொடங்கும். எள்ளுப் புண்ணாக்கு, கருவாட்டுத்தூள், சாணமும் கிழிந்த சாக்கும் அடைத்துக் கவிழ்த்த பானையில் பிடித்த கரையான் ஆகியவை ஓரளவு ஈடுகட்டும்.

ஹைதராபாத்தில் உருவான வனராஜா, கிராமப்பிரியா என்ற இரண்டு கோழி ரகங்களையும் ஒன்றாகவே பாவிக்கிறார்கள். வனராஜாவுக்குக் கறி கூடுதல், கிராமப்பிரியாவுக்கு முட்டை கூடுதல். வனராஜா பெட்டைக்கு ஆறு வாரத்துக்குப் பிறகும் வயிறு முட்டத் தீவனம் கொடுத்தால் அடிவயிற்றில் கொழுப்பு கட்டி முட்டை குறையும். ஆறாம் மாதம் 2.2–2.5 கிலோ எடை போதும். மேய்ச்சலைப் பார்த்து மாலையில் கோழிக்கு 30–50 கிராம் தீவனம் போடுங்கள்.

சிறுவிடை என்ற நாட்டுக்கோழி வருடத்துக்கு 60–80 முட்டைதான் இடும். ஆனால் பருந்தைக் கண்டதும் குஞ்சுகளோடு புதருக்குள் பாயும் சுறுசுறுப்பு அதற்கு உண்டு. அடை உட்கார்ந்தால் தண்ணீரில் முக்கி வதைக்காதீர்கள். அடியில் கம்பிவலை போட்ட, காற்றோட்டமான கூண்டில் தீவனமும் தண்ணீரும் வைத்து மூன்று நான்கு நாள் விட்டால் அடை தெளியும்.

எந்த ரகமானாலும் வெட்டவெளிக்கு வராது. கோழியின் மூதாதை காட்டுக்கோழி. நிழலில்லாத நிலத்தில் கோழிகள் எல்லாம் கொட்டில் வாசலிலேயே கிளறி, தரை மொட்டையாகி, குடற்புழுவும் இரத்தக்கழிச்சலும் சேரும். வாசலிலிருந்தே அகத்தி, முருங்கை வரிசை நட்டு, நிலத்தை நாலாகப் பிரித்து மாற்றி மாற்றி மேயவிடுங்கள்.

ரகம் பொருந்தியதா என்பதை அந்தியில் கொட்டிலில் அடையும்போது, கைத்தீவனம் போடுவதற்கு முன், கழுத்தடியில் இரை சேரும் பையைத் தொட்டே அறியலாம். நன்றாக மேய்ந்த கோழிக்குப் புல்லும் பூச்சியும் நிறைந்து புடைத்திருக்கும். மேயாததற்குத் தொளதொளவென்று வெறுமையாக இருக்கும்.