விரல் மரப்புக்குச் சிறுகீறல் அறுவை சிகிச்சை: என் அனுபவம்
நள்ளிரவில் கை மரத்துப்போய் விழிப்பதும், உதறினால் சற்றே தெளிவதும் எனக்கு வழக்கமாகிவிட்டன. பெருவிரலும் அடுத்த இரு விரல்களும் மோதிர விரலின் பாதியும் மரத்தன, சுண்டுவிரலுக்கு ஒன்றுமில்லை. சுண்டுவிரலின் நரம்பு வேறு வழியாகச் செல்வதால், நோயைக் காட்டிக்கொடுக்கும் அடையாளம் இதுவே என்று மருத்துவர் விளக்கினார். மணிக்கட்டு எலும்புகளுக்கும் அவற்றின் குறுக்கே கிடக்கும் தடித்த நார்ப்பட்டைக்கும் நடுவே நரம்பு நசுங்குவதே கார்ப்பல் டனல் சிண்ட்ரோம்.

இரவில் மணிக்கட்டுப் பட்டை அணிந்தேன். ஸ்டீராய்டு ஊசி சில மாதங்கள் நிம்மதி தந்தது. ஆனால் சட்டைப் பொத்தானைக் கண்ணால் பார்க்காமல் மாட்ட முடியாத நிலை வந்து, பெருவிரலின் அடிச்சதையும் வற்றத் தொடங்கவே, நரம்புக் கடத்தல் பரிசோதனைக்குப் பின் அறுவை சிகிச்சைக்கு உடன்பட்டேன். சதை வற்றத் தொடங்கியபின் தாமதிப்பது நரம்புக்கு நல்லதல்ல.

ஜப்பானிய மருத்துவர் ஒகுட்சுவும் அமெரிக்க மருத்துவர் ஜேம்ஸ் சௌவும் 1989-இல் வெளியிட்ட எண்டோஸ்கோப் முறைகளின் வழிவந்த சிகிச்சை இது. மணிக்கட்டு மடிப்பில் ஏறத்தாழ 1 செ.மீ. கீறி, கேமரா பொருத்திய மெல்லிய குழாயை நுழைத்து, நார்ப்பட்டையை உள்ளிருந்தே வெட்டுகிறார்கள். கையை மட்டுமே மரக்கச் செய்திருந்ததால், வெண்ணிறப் பட்டை இரண்டாகப் பிளந்து விலகுவதைத் திரையில் நானே கண்டேன். அன்றே வீடு திரும்பினேன்.

இரவு வேதனை உடனே நின்றது. பிடிப்பு வலிமை மீளத்தான் மாதங்களாயின. உள்ளங்கையை ஊன்றினால் வலித்ததும் மெல்லவே தணிந்தது. நீண்டகாலப் பலன், உள்ளங்கையை நீளமாகக் கீறிச் செய்யும் திறந்த அறுவை சிகிச்சைக்கும் இதற்கும் ஏறத்தாழ ஒன்றே. விரைவில் வேலைக்குத் திரும்பலாம் என்பதே இதன் சிறப்பு.