ஆமை பார்க்கப் போகிறீர்களா? மாணவர் குழுக்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கொழும்பில் வெள்ளவத்தையிலும் பம்பலப்பிட்டியிலும் வளரும் பிள்ளைகளுக்குக் கடல் புதிதல்ல. தண்டவாளத்தைத் தாண்டினால் அலை காலில் படும். ஆனால் கடலாமையை உயிரோடு பார்த்தவர்கள் வகுப்பில் இரண்டு மூன்று பேர்தான் இருப்பார்கள். அதனால் தெற்கே கடற்கரை ஊரான ஹிக்கடுவைக்கு ஒரு நாள் பயணம் என்றதும் எல்லோரும் துள்ளுகிறார்கள். பல வருடங்களாக மாணவர்களைக் கூட்டிப்போய் வருகிறேன். ஆமைகளை யாரும் வேண்டுமென்று துன்புறுத்தி நான் கண்டதில்லை. நாற்பது பேர் ஒரே நேரத்தில் ஆசைப்படுவதுதான் அவற்றுக்குத் தொல்லையாகிவிடுகிறது.

முதல் தவறு கொழும்பிலேயே, நாள் குறிக்கும்போதே நடந்துவிடுகிறது. ஓகஸ்ட் விடுமுறை வசதி என்று அப்போது கிளம்புவார்கள். மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவக்காற்றுக் காலம். மேற்கு, தெற்குக் கரைகளில் கடல் கொந்தளிக்கும், தண்ணீர் கலங்கியிருக்கும். ஆமையும் தெரியாது, பிள்ளைகளைத் தண்ணீரில் இறக்கவும் முடியாது. நவம்பருக்கும் ஏப்ரலுக்கும் இடையில், போயா (பௌர்ணமி) விடுமுறை அல்லாத ஒரு வார நாளைப் பாருங்கள். கொழும்புக் கோட்டை நிலையத்திலிருந்து ரயிலில் போனால் வலப்பக்க ஜன்னலில் கடல் கூடவே வரும். ஆனால் கதவில் தொங்க யாரையும் விடாதீர்கள்.

ஹிக்கடுவையில் பச்சை ஆமைகள் முழங்காலளவு தண்ணீருக்கே வரும். ஒரு தடவை எங்கள் பிள்ளைகள் ஒன்றைக் கண்டதும் ஓடிப்போய் வட்டமாகச் சூழ்ந்துகொண்டார்கள். ஆமை தலையைத் தூக்கியது, உடனே தண்ணீருக்குள் அமிழ்த்திக்கொண்டது. திரும்பி வேறு பக்கம் போனது, அங்கேயும் கால்கள். அது மூச்சுவிட மேலே வருகிறது என்பது யாருக்கும் தோன்றவில்லை. நானும் கரையில் நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தேன். அது இன்றும் மனதை உறுத்துகிறது. ஆமைக்குச் செவுள் கிடையாது, நம்மைப் போல நுரையீரல்தான். மேலே வரும் வழியை மறித்தால் அதற்கு மூச்சு முட்டும். கடல் பக்கம் எப்போதும் திறந்திருக்க வேண்டும்.

தீனி கொடுப்பதும் வேண்டாம். கரையில் ஒருவர் கடற்பாசியைக் கையில் திணிப்பார், பிள்ளைகளுக்கு மறுக்க மனம் வராது. பாசி ஆமையின் உணவுதானே என்று கேட்பார்கள். உணவுதான். ஆனால் மனிதர் கையைத் தேடி வரப் பழகிய ஆமை, படகுக்கும் வலைக்கும் பயப்படாமலும் பழகிவிடும். ஓட்டைத் தடவுவது, ஏறி நிற்பது, முகத்துக்கு நேரே ஃபிளாஷ் அடிப்பது எதுவும் கூடாது. பவளப்பாறையில் கால் வைப்பதும் அப்படியே.

அடுத்தது குஞ்சு பொரிப்பகங்கள். கொஸ்கொட, பெந்தோட்டைப் பக்கம் காலி வீதியோரம் நிறைய உண்டு. உள்ளங்கையில் ஒரு குஞ்சை வைத்தால் துடுப்புகளை அடித்துக்கொண்டே இருக்கும். பிள்ளைகள், “ரீச்சர், நீந்தப் பார்க்குது!” என்பார்கள். உண்மைதான், அங்கேதான் கேடும் இருக்கிறது. முட்டையில் மிச்சமிருந்த மஞ்சள் கருவின் சக்தியை வைத்துத்தான் குஞ்சு முதல் ஓரிரு நாட்கள் நிற்காமல் நீந்தி ஆழ்கடலை எட்டுகிறது. அந்தச் சக்தி தொட்டியிலும் நம் கையிலும் செலவாகிவிட்டால் கடலுக்கு என்ன மிஞ்சும்? இயற்கையில் குஞ்சுகள் பெரும்பாலும் இரவில்தான் மணலைக் கிளறி வெளியே வரும். காசு வாங்கிக்கொண்டு பட்டப்பகலில் குஞ்சு விடச் சொன்னால் மறுத்துவிடுங்கள், பறவைகளும் மீன்களும் காத்திருக்கும். போவதற்கு முன்பே தொலைபேசியில் கேளுங்கள்: குஞ்சுகளை எத்தனை நாள் தொட்டியில் வைப்பீர்கள், எந்த நேரத்தில் விடுவீர்கள், பிள்ளைகள் கையில் கொடுப்பீர்களா? பதில் மழுப்பலாக இருந்தால் அந்த இடம் வேண்டாம். வலையில் சிக்கித் துடுப்பை இழந்த பெரிய ஆமைகளைப் பராமரிக்கும் இடங்களில் பிள்ளைகள் கற்றுக்கொள்ள நிறைய இருக்கிறது.

உலகில் உள்ள ஏழு வகைக் கடலாமைகளில் ஐந்து நம் இலங்கைக் கரைகளில் முட்டையிடுகின்றன. ஐந்தையும் சட்டம் பாதுகாக்கிறது. முட்டையும் இறைச்சியும் ஓடும் விற்பது குற்றம். அழுங்காமை ஓட்டில் செய்த சீப்பு, வளையல் எதையும் நினைவுப் பொருளாக வாங்க விடாதீர்கள். முட்டையிடுவதைப் பார்க்க ஆசை என்றால் அது தங்காலைக்கு அப்பால் ரெக்காவயில், இரவில் நடக்கும் விஷயம். ஒரு நாள் பயணத்தில் அதைத் திணிக்கப் பார்க்காதீர்கள்.

சோற்றுப் பார்சல் சின்ன விஷயம் என்று நினைக்கிறோம். காற்றில் பறக்கும் பொலித்தீன் பை தண்ணீரில் ஜெல்லி மீன் போலவே தெரியும், ஆமை விழுங்கிவிடும். 2021இல் எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பல் எரிந்தபோது நம் கரையில் ஒதுங்கிய பிளாஸ்டிக் மணிகளையும் செத்த ஆமைகளையும் கொழும்பில் இருப்பவர்கள் மறக்க முடியாது. சாப்பாட்டைப் பெட்டியில் கொண்டுவரச் சொல்லுங்கள், குப்பையை பஸ்ஸிலேயே திருப்பி எடுத்து வாருங்கள்.

இப்போதெல்லாம் எட்டு எட்டுப் பேராகத்தான் கரைக்கு அனுப்புகிறேன். ஈர மணலில் உட்கார வேண்டும், போன் பையில். கடைசியாகப் போனபோது இருபது நிமிடம் ஒன்றும் நடக்கவில்லை. அப்புறம் பாறைக்குப் பக்கத்தில் தண்ணீர் விலகி ஒரு தலை மேலே வந்தது. “புஸ்” என்று அது மூச்சுவிட்ட சத்தம் எட்டுப் பேருக்கும் கேட்டது.