அறிவியல் செய்தியைக் கலாய்க்கும் முன் ஆய்வுக்கட்டுரையைப் பிடிப்பது எப்படி?

"புதிய ஆய்வில் அதிர்ச்சித் தகவல்" என்று ஒரு தலைப்பைப் பார்த்ததும் நக்கலாக ஒரு வரி தட்டிவிடுவது பெரிய வேலை இல்லை. ஆனால் தலைப்பை மட்டும் படித்துவிட்டு எழுதும் நக்கல் எல்லாருக்கும் ஒன்றுபோலவே தோன்றும், நீங்கள் பதிவிடும்போது அதே வரியை இன்னும் நூறு பேர் எழுதியிருப்பார்கள். உருப்படியான நக்கல் கட்டுரைக்குள்தான் கிடக்கும். வரைபடத்தின் அச்சில், படத்துக்குக் கீழே பொடி எழுத்தில், "செய்முறைகள்" பகுதியின் மூன்றாவது பத்தியில். அங்கே போய்ச் சேருவதற்கான வழி இது. பிடிஎஃப் இறக்குவது, தேடுபொறியில் மேற்கோள் குறி போட்டுத் தேடுவது எல்லாம் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன். இயற்பியல் பட்டம் தேவையில்லை. ஆங்கிலம் மெதுவாகவாவது படிக்கத் தெரிய வேண்டும், அதைத் தவிர்க்க வழியில்லை.

படி 1: செய்தியிலிருந்து கட்டுரைக்குப் போவது

அதிக நேரம் தின்னும் படி இதுதான், அதனால் கொஞ்சம் நிதானமாகவே சொல்கிறேன்.

நம் செய்திகளில் பெரும்பாலும் "அமெரிக்க விஞ்ஞானிகள்" என்பதோடு விவரம் முடிந்துவிடும். பெயர் இருந்தாலும் அதை வைத்துத் தேடாதீர்கள். தமிழில் "ப" என்று இருப்பதற்குப் பின்னால் இரண்டு ஆங்கில எழுத்துகள் ஒளிந்திருக்கும், கொரியப் பெயர், போலந்துப் பெயர் என்றால் கதை கந்தல். பல்கலைக்கழகம், ஆய்விதழ், பொருளின் பெயர் மூன்றையும் ஆங்கிலத்தில் சேர்த்துத் தேடுங்கள். இந்த மூன்றில் ஒன்றுகூட இல்லாத செய்தி என்றால் அதை விட்டுவிட்டு வேறு வேலை பாருங்கள்.

தேடினால் முதலில் வருவது அதே செய்தியின் ஆங்கில நகல்களாகத்தான் இருக்கும். அவற்றில் நேரம் போக்காமல் பல்கலைக்கழகத்தின் செய்திக்குறிப்புக்குப் போங்கள். யூரேகஅலர்ட் என்று ஒரு தளம் இருக்கிறது, அமெரிக்க அறிவியல் முன்னேற்றச் சங்கம் நடத்துவது. உலகப் பல்கலைக்கழகங்கள் பலவும் தங்கள் செய்திக்குறிப்புகளை அங்கே கொண்டுபோய்க் கொட்டுகின்றன. மேலே இருக்கும் ஆரவாரத்தைப் படிக்க வேண்டாம், நேராக அடிக்குப் போங்கள். அங்கே சின்னதாக ஒரு விவரப் பட்டியல் இருக்கும்: ஆய்விதழ், டிஓஐ எண், கட்டுரைத் தலைப்பு, வெளியான தேதி. பல குறிப்புகளில் "ஆய்வின் பொருள்" என்று ஒரு வரியும் உண்டு. அதில் "மனிதர்கள்" என்றோ "விலங்குகள்" என்றோ "செல்கள்" என்றோ ஒற்றைச் சொல்லில் போட்டிருப்பார்கள். "மறதி நோய்க்கு மருந்து தயார்" என்று தலைப்பு கூவிக்கொண்டிருக்க, அடியில் "விலங்குகள்" என்று அமைதியாக இருக்கும். பாதிச் செய்திகளுக்கு உங்கள் வேலை இங்கேயே முடிந்துவிடும்.

டிஓஐ என்பது கட்டுரையின் நிரந்தர முகவரி, எப்போதும் 10 என்ற எண்ணும் ஒரு புள்ளியுமாகத்தான் தொடங்கும். டிஓஐ தளத்தின் முகவரிக்குப் (doi.org/) பின்னால் அதை ஒட்டினால் கட்டுரைக்கே கொண்டுபோய் விடும். அப்படித்தான் சொல்வார்கள். நடைமுறையில் "அப்படி ஒரு டிஓஐ இல்லை" என்று ஒரு பக்கம் வந்து நிற்கும். மாட்டிக்கொள்கிற இடம் இது. முதலில் எண்ணின் கடைசி எழுத்தைப் பாருங்கள். வாக்கியத்தின் முடிவிலிருந்து நகலெடுத்திருந்தால் முற்றுப்புள்ளியும் கூடவே ஒட்டிக்கொண்டு வந்திருக்கும், சில சமயம் அடைப்புக்குறியும் வரும். அந்த ஒரு புள்ளியை அழித்தால் கதவு திறந்துவிடும். மங்கலான திரையில் அது கண்ணுக்கே தெரியாது.

புள்ளி இல்லாமலும் திறக்கவில்லை என்றால் அடுத்த காரணம் தடைநேரம். ஆய்விதழ்கள் செய்தியாளர்களுக்கு முன்கூட்டியே கட்டுரையைக் கொடுத்து, இத்தனை மணிக்கு வெளியிடலாம் என்று சொல்லி வைக்கும். அந்த மணி அடித்ததும் செய்தி பறந்துவிடும், டிஓஐ பதிவாவதற்குச் சில மணி நேரம் பிந்தலாம். சாயங்காலம் மறுபடி முயன்று பாருங்கள்.

சாட்பாட்டிடம் "இந்தச் செய்தியின் மூலக்கட்டுரை எது" என்று கேட்காதீர்கள் என்பது என் கறாரான கருத்து. பார்க்க அச்சு அசலாக ஒரு டிஓஐயைத் தூக்கிக் கொடுக்கும். திறந்தால் பல சமயம் ஒன்றுமே இருக்காது, அல்லது சம்பந்தமே இல்லாத வேறு கட்டுரை இருக்கும்.

படி 2: காசு கேட்டால்

கட்டுரைப் பக்கம் முப்பது நாற்பது டாலர் கேட்கும். கொடுக்க வேண்டாம். அன்பேவால் என்ற உலாவி நீட்சியைப் போட்டுக்கொள்ளுங்கள், சட்டப்படி இலவசமாகக் கிடைக்கும் பிரதி எங்காவது இருந்தால் ஓரத்தில் பச்சைப் பூட்டைக் காட்டும். இல்லையென்றால் கூகுள் ஸ்காலரில் தலைப்பைப் போட்டு, "எல்லாப் பதிப்புகளும்" என்ற இணைப்பை அழுத்துங்கள். இயற்பியல், கணினி என்றால் ஆர்கைவ் தளத்திலும், உயிரியல் என்றால் பயோஆர்கைவ் தளத்திலும் முன்பதிப்பு இருக்க வாய்ப்பு அதிகம். அதுவும் கிடைக்காவிட்டால் ஆசிரியருக்கு இரண்டு வரி மின்னஞ்சல். தன் கட்டுரையை ஒருவர் படிக்கக் கேட்கிறார் என்பதே பல ஆய்வாளர்களுக்குச் சந்தோஷம், அனுப்பிவிடுவார்கள்.

முன்பதிப்பு என்றால் சக ஆய்வாளர்கள் சரிபார்ப்பதற்கு முன் ஆசிரியர்களே ஏற்றி வைப்பது. பக்கத்தில் பதிப்பு எண் இருக்கும். செய்தி முதல் பதிப்பைப் பற்றி எழுதியிருக்கும், நீங்கள் மூன்றாவது பதிப்பைத் திறந்து வைத்துக்கொண்டு "இந்த எண்ணே இதில் இல்லையே" என்று தேடிக்கொண்டிருப்பீர்கள். எந்தப் பதிப்பு என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

படி 3: எந்த வரிசையில் படிப்பது

முன்னுரையைத் தாண்டிவிடுங்கள். முதலில் படங்கள், பிறகு அவற்றின் விளக்கம், பிறகு செய்முறை, கடைசியில் "வரம்புகள்" என்ற பத்தி. எல்கே-99 என்ற பொருளின் விவகாரம் இந்த வரிசைக்கு நல்ல பயிற்சி.

2023 ஜூலை 22 அன்று தென்கொரியக் குழு ஒன்று ஆர்கைவில் கட்டுரை ஏற்றியது: அறை வெப்பநிலையில், சாதாரண அழுத்தத்தில், மின்தடையே இல்லாமல் மின்சாரம் கடத்தும் பொருள் (மீக்கடத்தி), 127 டிகிரி செல்சியஸ் வரை தாங்கும். அன்றே அதே பொருளைப் பற்றி இன்னொரு கட்டுரை. முதலாவதில் ஆசிரியர்கள் மூன்று பேர், இரண்டாவதில் ஆறு பேர். நோபல் பரிசை அதிகபட்சம் மூன்று பேருக்குத்தான் பிரித்துக் கொடுப்பார்கள் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு ஆசிரியர் பட்டியலைப் பார்த்தவர்களுக்கு முதல் நாளே தீனி கிடைத்துவிட்டது. மீக்கடத்தி காந்தத்தின் மேல் மிதக்கும் என்பதால், கூடவே வந்த காணொளியில் கறுப்பாக ஒரு சில்லு காந்தத்தின் மேல் மிதக்கிறது. உற்றுப் பார்த்தால் ஒரு ஓரம் காந்தத்தைத் தொட்டுக்கொண்டுதான் இருக்கிறது.

அசல் விஷயம் மின்தடை வரைபடத்தில் இருந்தது. 104.8 டிகிரியை ஒட்டி மின்தடை சடாரென்று விழுகிறது. இணையம் முழுக்க மிதக்கும் ரயில் கனவு கண்டுகொண்டிருந்தபோது, இலினாய் பல்கலைக்கழக வேதியியலாளர் பிரசாந்த் ஜெயினின் கண்ணில் அந்த எண் பட்டது. காப்பர் சல்ஃபைடு தன் அமைப்பை மாற்றிக்கொள்ளும் வெப்பநிலை கிட்டத்தட்ட அதுவே, அந்தப் பொருளைச் செய்யும்போது கழிவாகக் கலந்து வருவதும் காப்பர் சல்ஃபைடுதான். ஆக, மின்தடையை விழ வைத்தது இந்தக் கலப்படமாக இருக்கலாம். டெல்லியில் உள்ள தேசிய இயற்பியல் ஆய்வகம் செய்து பார்த்தது, மீக்கடத்தல் வரவில்லை. ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட்டில் கலப்படமில்லாத படிகமாகவே வளர்த்தார்கள், அது மின்சாரத்தைக் கடத்தாத பொருளாக இருந்தது. ஆகஸ்ட் நடுவிலேயே கதை முடிந்தது. அந்தக் கட்டுரையில் புரிய வேண்டிய படம் அந்த ஒன்றுதான்.

படி 4: எண்ணுக்கு அடியில் என்ன இருக்கிறது

"ஆபத்து 18 சதவீதம் அதிகம்" என்றால் உடனே கேட்க வேண்டியது: எதிலிருந்து? பதப்படுத்திய இறைச்சியைத் தினமும் 50 கிராம் சாப்பிட்டால் பெருங்குடல் புற்றுநோய் ஆபத்து 18 சதவீதம் கூடும் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2015இல் சொன்னது. நூறு பேரில் ஐந்து பேருக்கு வரக்கூடிய நோய் என்று வைத்துக்கொண்டால், அது ஏறக்குறைய ஆறு பேராகும். சும்மா தள்ளிவிட முடியாத எண், அதே சமயம் தலைப்பு போட்ட கூச்சலுக்கும் ஈடில்லை.

இதே முகமைதான் 2023 ஜூலையில் டயட் கோலாவில் போடும் அஸ்பார்டேம் இனிப்பை 2பி பிரிவில், அதாவது "புற்றுநோய் வரவைக்கக்கூடும்" என்ற பிரிவில், சேர்த்தது. ஜூன் கடைசியிலேயே தகவல் கசிந்து, அறிக்கை வருவதற்கு முன்பே எல்லாரும் கருத்துச் சொல்லி முடித்திருந்தார்கள். முகமை பிரிப்பது "புற்றுநோய் வரவைக்கும் என்பதற்கு ஆதாரம் எவ்வளவு வலுவானது" என்பதைத்தான். எவ்வளவு ஆபத்து என்பது அதில் கிடையாது. அதனால்தான் புகையிலையும் வெயிலும் ஒரே முதல் பிரிவில் உட்கார்ந்திருக்கின்றன. அதே நாளில் இன்னொரு நிபுணர் குழு, ஒரு கிலோ உடல் எடைக்கு நாளொன்றுக்கு 40 மில்லிகிராம் என்ற பழைய வரம்பே போதும் என்றது. 70 கிலோ ஆள் என்றால் தினமும் 9 முதல் 14 கேன் வரை குடித்தால்தான் அந்த வரம்பைத் தாண்டுவார். அவ்வளவு குடிப்பவருக்கு முதலில் வேறு பிரச்சினைகள் இருக்கும்.

இப்போது நக்கலுக்கு வருவோம். முகமையின் பட்டியல் பொதுவெளியில் இருக்கிறது, முழுக்கப் பாருங்கள். 2பிக்கு ஒரு படி மேலே, 2ஏ பிரிவில், 65 டிகிரிக்கு மேல் சூடாகக் குடிக்கும் பானங்கள் இருக்கின்றன. ஆக, ஆதாரத்தின் வலுவில் டயட் கோலாவைவிட ஆற்றாத டீ ஒரு படி மேல். டபராவில் ஆற்றிக் குடிக்கும் ஊர்க்காரர்களுக்கு இதைவிட நல்ல வரி யார் எழுதித் தருவார்கள்?

அதே பட்டியலில் "ஊறுகாய்க் காய்கறிகள், ஆசியப் பாரம்பரிய முறை" என்றும் 2பியில் ஒன்று இருக்கும். "ஆவக்காயும் டயட் கோலாவும் ஒண்ணுதான்" என்று எழுதக் கை பரபரக்கும். எழுதாதீர்கள். அந்த மதிப்பீடு சீனா, கொரியா, ஜப்பான் பக்கம் காய்களை நொதிக்க வைக்கும் முறையைப் பற்றியது, நம் எண்ணெய் ஊறுகாய் அதில் வராது. நக்கலையும் இப்படிச் சரிபார்த்தாக வேண்டும், இல்லையென்றால் நீங்கள் திட்டும் செய்தித் தலைப்புக்கும் உங்கள் வரிக்கும் வித்தியாசம் இருக்காது.

படி 5: செய்திக்குறிப்பையும் கட்டுரையையும் பக்கத்தில் வைப்பது

2025 பிப்ரவரியில் மைக்ரோசாஃப்ட் தன் மஜோரானா குவாண்டம் சில்லை அறிவித்தது. நிறுவனத்தின் அறிவிப்பைப் படித்தால் புது யுகம் பிறந்துவிட்ட மாதிரி இருக்கும். அதே நாளில் நேச்சர் ஆய்விதழில் வந்த கட்டுரையோடு, அதைச் சரிபார்த்த சக ஆய்வாளர்களின் கருத்துகள் அடங்கிய மதிப்பாய்வுக் கோப்பு ஒன்றும் இருந்தது. சில்லுக்கு அடிப்படையான மஜோரானா நிலைகள் இந்தச் சாதனங்களில் இருப்பதற்கு இந்த முடிவுகள் சான்றாகா என்று அதில் இதழின் பதிப்பாசிரியர் குழுவே குறிப்பு எழுதி வைத்திருந்தது. இதற்கு மேல் நாம் என்ன கலாய்க்க! நேச்சர் குழும இதழ்களில் இந்தக் கோப்பு பக்கத்தின் அடியில், துணைத் தகவல்களோடு கிடக்கும். மதிப்பாய்வாளர்கள் மரியாதையாகக் கடிந்துகொள்வதைப் படிப்பது தனி சுகம்.

திட்டுவது யாரை என்பதும் இந்தப் படியில்தான் தெரியும். கார்டிஃப் பல்கலைக்கழகக் குழு பிரிட்டிஷ் பல்கலைக்கழகங்களின் 462 செய்திக்குறிப்புகளை அலசி 2014இல் ஒரு கட்டுரை வெளியிட்டது. விலங்குகளில் கண்டதை மனிதர்களுக்குப் பொருத்திச் சொல்லும் மிகை, விலங்கு ஆய்வுகள் பற்றிய குறிப்புகளில் 36 சதவீதத்தில் இருந்தது, செய்திகளில் வரும் மிகை பெரும்பாலும் குறிப்பில் இருந்த மிகையைத்தான் பின்தொடர்ந்தது. நிருபரை மட்டும் போட்டு மொத்துவது நியாயமில்லை.

படி 6: பதிவிடும் முன்

கட்டுரைப் பக்கத்தில் "புதுப்பிப்புகளைப் பார்" என்று ஒரு குட்டிப் பொத்தான் இருக்கும், அழுத்துங்கள். திரும்பப் பெறப்பட்டிருந்தால் சொல்லிவிடும். பெரிய இதழ் என்பது உத்தரவாதம் இல்லை. ரோச்செஸ்டர் பல்கலைக்கழகக் குழுவின் அறை வெப்பநிலை மீக்கடத்திக் கட்டுரை 2023 மார்ச்சில் நேச்சரில் வந்து, நவம்பரில் திரும்பப் பெறப்பட்டது. ரிட்ராக்‌ஷன் வாட்ச் தரவுத்தளத்திலும் ஒருமுறை தேடிப் பாருங்கள், இலவசம்தான். கட்டுரைகளைச் சேர்த்து வைக்க உதவும் ஜோட்டெரோ மென்பொருள் இதைத் தானாகவே எச்சரிக்கும், ஆனால் தொடக்கத்திலேயே அதை நிறுவி, அடைவுகள் போட்டு, வண்ணம் தீட்டி உட்கார்ந்தால் கட்டுரை படிக்கும் ஆசையே போய்விடும். நிறையச் சேர்ந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

பிறகு எழுதுங்கள். ஒரு எண், ஒரு இணைப்பு, ஒரு நக்கல். மூன்று எண் போட்டால் யாரும் படிக்க மாட்டார்கள்.

சேர்க்கை 1: அரசுக் கல்லூரியில் படிக்கும் வாசகர் ஒருவர், "எங்களுக்குப் படி 2 தேவையே இல்லை" என்று எழுதியிருந்தார். சரிதான். "ஒரே நாடு ஒரே சந்தா" திட்டம் 2025 ஜனவரி முதல் நடக்கிறது, அரசு உயர்கல்வி நிறுவனங்களில் இருப்பவர்களுக்கு 13,000 ஆய்விதழ்கள் வரை திறந்திருக்கின்றன. உங்கள் நூலகரைக் கேளுங்கள். வெளியில் இருக்கும் நமக்குப் பச்சைப் பூட்டுதான்.

சேர்க்கை 2: பக்கத்தை நெடுக்காக இரண்டாகப் பிரித்து அச்சிட்ட பிடிஎஃப்பைப் போனில் படிக்கக் கண் வலிக்கிறது என்று பலர். பிடிஎஃப் வேண்டாம், கட்டுரையின் வலைப்பக்க வடிவத்தைத் திறங்கள். ஆர்கைவிலும் புதிய கட்டுரைகள் பலவற்றுக்கு அந்த வடிவம் இருக்கிறது, பிடிஎஃப் இணைப்புக்குப் பக்கத்திலேயே பாருங்கள். சமன்பாடுகள் சில சமயம் சிதறித் தெரியும், அப்போது மட்டும் பிடிஎஃப்.