அரங்கேற்ற மேடையில் மேனுவல் மோடு: புதியவர்களுக்கான செய்முறை

சொந்தக்காரர் வீட்டுப் பெண்ணுக்குப் பரதநாட்டிய அரங்கேற்றம் என்றால், கேமரா வைத்திருப்பவர் தலையில்தான் போட்டோ வேலை வந்து விழும். ஆட்டோவிலேயே வைத்து எடுத்தால் என்ன ஆகும்? முகம் சுண்ணாம்பு அடித்ததுபோல் வெளுத்திருக்கும், நெற்றிச்சுட்டி இருந்த இடம் தெரியாது, பின்னால் உள்ள கருப்புத் திரை சாம்பலாக வரும். அடுத்த படத்தில் எல்லாமே வேறு மாதிரி இருக்கும்.

கேமரா கெட்டுப்போகவில்லை. எந்தக் காட்சியைக் காட்டினாலும் அதன் சராசரி வெளிச்சத்தை நடுத்தரச் சாம்பலுக்குக் கொண்டுவரத்தான் அதன் மீட்டர் (வெளிச்சத்தை அளக்கும் பகுதி) பார்க்கும். ஃப்ரேமில் முக்கால்வாசி கருப்புத் திரை என்றால், ‘இருட்டாக இருக்கிறது’ என்று எல்லாவற்றையும் ஏற்றிவிடும். ஆடுபவர் முகத்தில் விழும் வெளிச்சமோ மாறவே இல்லை. அதனால் முகத்துக்கு ஏற்றபடி ஒருமுறை செட் பண்ணிவிட்டு, அதன்பின் கை வைக்காமல் விடுவதுதான் இங்கே வழி. அதற்குத்தான் மேனுவல், அதாவது எண்களை நாமே வைக்கும் மோடு.

1. வீட்டிலேயே செய்து வையுங்கள்

மோடு டயலை ‘எம்’ எழுத்துக்குத் திருப்புங்கள். ஐஎஸ்ஓ என்பது படத்தின் வெளிச்சத்தைக் கேமரா எவ்வளவு கூட்டிக் காட்டும் என்ற எண்; அதைக் கேமராவே மாற்றும் ஆட்டோ ஐஎஸ்ஓ ஆன் ஆகியிருந்தால் ஆஃப் செய்யுங்கள். இதை மறந்தால் மேனுவலில் இருந்தும் பயன் இல்லை. நீங்கள் ஒன்றை மாற்ற, கேமரா ஐஎஸ்ஓவை மாற்றிப் பழைய இடத்துக்கே கொண்டுபோய்விடும். ஃபைலை ‘ரா’வில் (கேமரா பதிந்ததை அப்படியே வைக்கும் ஃபைல் வகை) வையுங்கள்.

கேனான் 1500டி, நிகான் டி3500 போன்ற தொடக்கநிலை கேமராக்களில் ஒரே டயல்தான். சும்மா சுற்றினால் ஷட்டர் (ஒளி உள்ளே விழும் நேரம்) மாறும். கூட்டல்-கழித்தல் குறி போட்ட பட்டனை அழுத்திக்கொண்டே சுற்றினால் அப்பர்ச்சர் (லென்ஸ் திறப்பின் அளவு; எஃப் எண் சிறிதானால் திறப்பு பெரிது) மாறும். இருட்டில் கண்ணால் பார்க்காமல் இதைச் செய்ய விரல் பழக வேண்டும்.

2. அப்பர்ச்சர்

முடிந்தவரை திறந்து வையுங்கள். 50 எம்எம் எஃப்/1.8 லென்ஸ் இருந்தால் எஃப்/2.8 போதும், முழுக்கத் திறந்தால் கண்ணில் ஃபோகஸ் இருக்கும், முன்னால் நீட்டிய கை மங்கிவிடும்.

கேமராவோடு சேர்ந்து வரும் 18-55 கிட் லென்ஸில் ஒரு சிக்கல் உண்டு. 18-ல் எஃப்/3.5 வரை திறக்கும். அப்படியே 55-க்கு ஜூம் செய்தால், நீங்கள் எதையும் தொடாமலேயே எஃப்/5.6 ஆகிவிடும். ஒன்றேகால் ஸ்டாப்புக்கு மேல் வெளிச்சம் போச்சு (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரட்டிப்பு அல்லது பாதி). ‘மேனுவலில்தானே இருக்கிறேன், படம் ஏன் இருட்டுகிறது’ என்று பலர் குழம்புவது இங்கேதான். எந்த ஜூமுக்கும் பொருந்துமாறு முதலிலேயே எஃப்/5.6 வைத்துவிடுங்கள்.

3. ஷட்டர்

ஜதிக்கு 1/250 நொடி. குதிப்பு வந்தால் 1/500. அபிநயத்தில் நின்று கண்ணால் பேசும் இடங்களுக்கு 1/125 தாராளம். இதற்குக் கீழே போனால் முகம் தெளிவாக இருக்கும், விரல்கள் கரைந்துவிடும். முத்திரை தெரியாத நாட்டியப் படத்தை யாரும் ஆல்பத்தில் வைக்க மாட்டார்கள்.

4. ஐஎஸ்ஓ, பிறகு ஒரு டெஸ்ட் ஷாட்

மேலே உள்ள இரண்டையும் முடிவு செய்தபின் மிச்சத்தை ஐஎஸ்ஓவிடம் விடுங்கள். 1600-ல் தொடங்கலாம். கிட் லென்ஸ் என்றால் 6400 ஆகும். புள்ளி புள்ளியாக நாய்ஸ் வரும், வரட்டும். நாய்ஸைப் பிறகு குறைத்துக்கொள்ளலாம், அசைந்த படத்தை ஒன்றும் செய்ய முடியாது.

மீட்டரிங்கை ‘ஸ்பாட்’டுக்கு (ஒரு சிறு இடத்தை மட்டும் அளக்கும் முறை) மாற்றுங்கள், சில கேனான்களில் அது இருக்காது, ‘பார்ஷியல்’ இருக்கும், பரவாயில்லை. நடுப்புள்ளியை ஆடுபவர் கன்னத்தில் வைத்து மீட்டர் முள் எங்கே நிற்கிறது என்று பாருங்கள். மாநிறம் என்றால் பூஜ்ஜியத்தில் நிற்கலாம். மேக்கப் வெளிறியிருந்தால் முள் ஒன்றிரண்டு க்ளிக் கூடுதலாக இருக்கட்டும். பெரும்பாலான கேமராக்களில் மூன்று க்ளிக் ஒரு ஸ்டாப்.

தொடக்கத்தில் வரும் அலாரிப்பிலேயே ஒரு படம் எடுத்து, முகத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். ஹைலைட் எச்சரிக்கையை ஆன் செய்திருந்தால், வெளுத்துப்போன இடங்கள் கருப்பும் வெள்ளையுமாகச் சிமிட்டும். நகையில் ஒரு புள்ளி சிமிட்டினால் கவலை வேண்டாம். நெற்றியும் மூக்கும் சிமிட்டினால் ஐஎஸ்ஓவை ஒரு ஸ்டாப் இறக்குங்கள், 1600 என்றால் 800. ஹிஸ்டோகிராம் (படத்தில் இருட்டும் வெளிச்சமும் எவ்வளவு என்று காட்டும் வரைபடம்) இடப்பக்கம் குவிந்திருப்பதைப் பார்த்துப் பயப்படாதீர்கள். அது திரையின் கருப்பு, அங்கேதான் இருக்க வேண்டும்.

முகம் சரியாக வந்துவிட்டதா? இனி மீட்டரைப் பார்க்க வேண்டியதில்லை. திரை முன்னால் ஆடினாலும், நடராஜர் பக்கம் போனாலும், ஸ்பாட் லைட் அதேதான் என்றால் எண்களும் அதேதான்.

5. லைட் மாறும்போது

வர்ணத்தில் லைட்டை இறக்குவார்கள், தில்லானாவுக்கு முழுதாக ஏற்றுவார்கள். அப்போது மூன்றையும் உருட்டாமல் ஐஎஸ்ஓவை மட்டும் மாற்றுங்கள். இருட்டில் ஒன்றை நினைவில் வைப்பதே பெரிய விஷயம். மேடை முழுக்க நீலமோ சிவப்போ அடித்தால் எண்ணோடு போராட வேண்டாம். நான் அந்த ஒரு நிமிடம் கேமராவை இறக்கிவைத்து ஆட்டத்தைப் பார்ப்பேன்.

எல்ஈடி விளக்குகளில் சில நேரம் படத்தின் குறுக்கே பட்டை பட்டையாக நிழல் விழும். நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் மலிவான எல்ஈடிகள் நொடிக்கு 100 முறை துடிக்கும். ஷட்டரை 1/100-க்கு இறக்கினால் பட்டை பெரும்பாலும் போய்விடும், ஆனால் வேகமான ஜதியை அதில் பிடிக்க முடியாது. அரைமண்டியில் அசையாமல் நிற்கும் நொடிகளுக்காகக் காத்திருந்து எடுங்கள்.

ஃப்ளாஷ் வேண்டவே வேண்டாம். ஃபோகஸுக்காக முன்னால் எரியும் குட்டி விளக்கையும் மெனுவில் ஆஃப் செய்துவிடுங்கள். ஆடும் பிள்ளையின் கண்ணில் நேராக அடிக்கும்.